ஒரு குறையும் இல்லாத படகு

லெ ஹாவ்ர், 9 ஜனவரி 1994

அன்புள்ள அக்கா நெஜிபாவுக்கு,

தம்பி ஷெத்லியின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். உன் நலமும் உன் முழங்காலின் நலமும் அறிய ஆவல். பெருநாள் வராமலே தம்பியின் கடிதம் வந்துவிட்டதே என்று பதறாதே. நல்ல செய்திதான்.

கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டேன். ஊரான் கப்பலுக்கு எண்ணெய் போட்டே தலை நரைத்தாயிற்று, போதும். இனி என் கப்பல். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன். பாய்மரப் படகு ஒன்று வாங்கப் போகிறேன். மீன்பிடிக்கிற படகில்லை. உள்ளே படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் இருக்கும். மாதக்கணக்கில் கடலிலேயே குடியிருக்கலாம். புதிதாக வாங்க நான் எந்த ஊர் ஷேக்? பழையதுதான். பெல்ஜியத்தில் தெக்கர் என்றொரு கிழவர், வயதாகிவிட்டதென்று விற்கிறார். விளம்பரத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் எழுந்து நின்றுவிட்டேன். படகு நிற்பது நம் மொனாஸ்தீரில்! உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், படகுத்துறையில் கரையேற்றி முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்களாம். பெயர் ‘மிரெய்’. உலகத்துப் படகையெல்லாம் விட்டு இது மட்டும் உன் வாசலில் வந்து நிற்கிறதென்றால் அது எனக்கென்று எழுதிவைத்ததுதானே?

எனக்காக நீ போய்ப் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்க ஃபைபர். மொக்னீன் சந்தையில் சட்டி வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிக் கேட்பாயே, அதே வித்தைதான். மரக்கரண்டியால் சாண் சாணாகத் தட்டு. ணங்கென்றால் நல்லது. தொப்பென்றால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது, அல்லது அடுக்கு விட்டுப்போயிருக்கிறது.

மே மாதம் வந்து தண்ணீரில் இறக்குவேன். ஒரு வாரம் உன் கையால் சாப்பிடுவேன். பிறகு சர்தீனியா, ஜிப்ரால்டர், கனாரித் தீவுகள். அங்கே காற்றுக்குக் காத்திருந்து அட்லாண்டிக். அதற்கப்பால் இன்னும் யோசிக்கவில்லை.

இங்கே வீடு அருமையாக இருக்கிறது. விசாலம், வெளிச்சம், நல்ல அமைதி. ஒரு குறையும் இல்லை.

உன் துஆவை நாடும்,
ஷெத்லி


மொனாஸ்தீர், 2 பிப்ரவரி 1994

அன்புத் தம்பி ஷெத்லிக்கு,

அக்காவின் ஸலாமும் துஆவும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் நான் அதை விசாரிப்பதில்லை, அதுவே சொல்லிவிடும். உன் மனைவி ஒடில் சுகமா? அவளைப் பற்றி ஒரு வரி இல்லையே.

தபால்காரன் உன் கடிதத்தை நீட்டியதும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். பெருநாளுக்கு ஒரு கடிதம், என் புருஷன் மௌத்தானபோது ஒரு தந்தி, இதுதானே உன் வழக்கம். வேலையை விட்டுவிட்டேன் என்று படித்ததும், ஊருக்கு வருகிறாய் என்று நினைத்து அடுத்த வரிக்கு ஓடினேன். அடுத்த வரியில் படகு நின்றது. ஒரு வாரம் தங்குவாயாம். இங்கே என்ன சத்திரமா நடத்துகிறேன்?

உன் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, படகுக்கு வருகிறேன். கரண்டியும் கையுமாகத் துறைக்குள் நுழைந்தேன். காவல்காரர் ஃபராஜ் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், இப்போது வாயில் பல் இல்லை, வாய் மட்டும் இருக்கிறது.

“என்ன நெஜிபா, கரண்டியோட வந்திருக்க? இங்க யாருக்குக் கல்யாணச் சாப்பாடு?”

“படகு பாக்க வந்தேன், மாமா.”

“வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கெடைக்கலேன்னு போன மாசம் அழுத. இப்ப படகா? சரி ரயிஸ், ஏறு. ஏணி ஆடும், திட்டாத.”

அன்று முதல் துறையில் எல்லோருக்கும் நான் ‘ரயிஸ்’ ஆகிவிட்டேன், கப்பலே இல்லாத கேப்டன். டீக்கடைக்காரன் கூட, “ரயிஸ், காத்து எப்படி?” என்கிறான். பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

படகு உருப்படியாக இல்லை. பெயின்ட் வெளுத்துவிட்டது, கையை வைத்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது. மெத்தைகளில் பூசண நாற்றம். அடுப்பில் ஒரு முட்டை பொரிக்கலாம், இரண்டாவது முட்டை வெளியே காத்திருக்க வேண்டும். பாய்மரத்தின் உச்சியில் புறா கூடு கட்டியிருக்கிறது. பக்கவாட்டில் கொஞ்சம் தட்டினேன். முழுக்கத் தட்ட நாளாகும். எனக்கொன்றும் அவசரமில்லை.

அட்லாண்டிக்கில் தபால் எங்கே போடுவார்கள்? இதற்கு மறக்காமல் பதில் எழுது.

அக்கா
நெஜிபா


லெ ஹாவ்ர், 14 பிப்ரவரி 1994

அன்புள்ள ரயிஸ் அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம். நோன்பு பிறந்துவிட்டது. இந்த ஊரில் சூரியன் எப்போது விழுந்ததென்று மேகத்தைக் கேட்டுத்தான் நோன்பு திறக்க வேண்டியிருக்கிறது. ஒரு கோப்பை சூப்பும் ரொட்டியும் போதும் எனக்கு. உனக்கு உடம்பு எப்படி?

உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாருக்குச் சொல்லலாம் என்று சுற்றிப் பார்த்தேன். பெயின்ட், மெத்தை, புறா இதெல்லாம் கிடக்கட்டும். நீ பார்க்க வேண்டியது மூன்று.

முதலில் பாய்கள். ஆயத்த ஆடை ஆலையில் தையல் பிரிவுக்கே தலைவியாக இருந்தவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரித்து வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார். அடுத்து மேல்தளம். செருப்பைக் கழற்றிவிட்டு நட, எங்கே மெத்தென்று அமுங்குகிறது சொல்.

கடைசியாகச் சொல்வதைக் கவனமாகக் கேள். படகின் வயிற்றுக்கு அடியில் கனமான இரும்பு ஒன்று தொங்கும். நாம் அதை அடியிரும்பு என்று வைத்துக்கொள்வோம். படகு காற்றில் சாய்ந்தாலும் கவிழாமல் நிமிர்த்துவது அதுதான். உள்ளே தரைப்பலகையைத் தூக்கினால் அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் தெரியும். துருப்பிடித்திருக்கிறதா, சுற்றிலும் விரிசல் இருக்கிறதா என்று பார். வெளியே அது உடம்போடு சேர்கிற இடத்தில் நன்றாகத் தட்டு. மற்ற எல்லாவற்றிலும் ஏமாறலாம், அக்கா. நடுக்கடலில் அது கழன்றால் படகு தலைகுப்புற விழும். கலிமா சொல்லக்கூட நேரம் இருக்காது.

அட்லாண்டிக்கில் தபால் கிடையாது. அதனால்தான் அங்கே நிம்மதி என்கிறார்கள்!

தம்பி
ஷெத்லி


மொனாஸ்தீர், 16 மார்ச் 1994

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்து. பலகாரம் செய்தேன், வழக்கம்போல அளவு தெரியாமல் செய்துவிட்டு, தெருவெல்லாம் கொடுத்தும் மீதி. ஒடில் சுகமா என்று போன தடவையே கேட்டேன்.

இரண்டே வாரத்தில் பதில் போட்டிருந்தாய். நோன்பு மாதத்தின் பரக்கத் என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் உனக்குத் தாமதமாக எழுதுகிறேன். பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறதே.

தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு படகுக்குப் போகிறேன். பெருக்கினேன். மெத்தை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். நல்ல பொருள் என்பதற்காக இல்லை. அழுக்கை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, உனக்குத்தான் தெரியுமே. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது, இறங்க முடியவில்லை. உள்ளே மேசை முன்னால் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தோடு அங்கேயே நோன்பு திறந்தேன். எதிரே ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. மேலே மழை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபராஜ் மாமா கீழேயிருந்து கத்தினார்:

“ரயிஸ், எந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த?”

“இன்னும் கரையே தெரியல மாமா!”

“தெரிஞ்சா எனக்கும் ஒரு பொண்ணு பாரு!”

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பாய்த் தையல் கந்தல். இந்தத் தையலை என் ஆலையில் யாராவது போட்டிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மேல்தளம் நடந்தால் முனகுகிறது. ஜன்னல் ஒழுகும் போலிருக்கிறது. தண்ணீர்ப் பம்பு இருமுகிறது. கக்கூஸைப் பற்றி எழுதினால் இந்தத் தாளையே கழுவி ஒளூ செய்ய வைக்க வேண்டும். எனக்கென்னவோ பிடிக்கவில்லை. அடியிரும்பை இன்னும் பார்க்கவில்லை. முழங்கால் விட்டால் அடுத்த மாதம் பார்க்கிறேன்.

நீ வேறு என்னென்ன பார்க்க வேண்டுமோ எழுது. ஒவ்வொன்றாக எழுதினாலும் சரி.

அக்கா
நெஜிபா


லெ ஹாவ்ர், 25 மார்ச் 1994

என் அக்கா, என் உம்மாவின் மகளே!

ஸலாம், ஆயிரம் ஸலாம்! உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன்.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. பெயின்ட் மோசம், மெத்தை மோசம், அடுப்பு, புறா, பாய், ஜன்னல், பம்பு, எல்லாம் மோசம்! ஆனால் தினமும் போகிறாய், பெருக்குகிறாய், உறை துவைக்கிறாய். அக்கா, நம் உம்மா நம்மை எப்படிக் கூப்பிடுவாள்? ஊரே என் சுருட்டை முடியைப் பார்த்து நிற்கும்போது, “டேய் கருவாட்டுத் தலையா, உள்ள வா!” நீ பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த அன்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “இந்த ஓட்டைச் சட்டிய எவன் தலையில கட்டப் போறேனோ!” அவள் சமையலை நன்றாக இருக்கிறதென்று சொன்னவனுக்கு அடுத்த கரண்டி விழாது. நல்லதை நல்லதென்று சொன்னால் கண் பட்டுவிடும். எதைப் பொத்திக் காக்க நினைத்தாளோ அதைத்தானே திட்டினாள்?

அவள் ஒன்றைப் புகழ்ந்து நான் கேட்டது ஒரே ஒரு நாள். வாப்பா மௌத்தாகி, அவரைத் தூக்க ஆட்கள் வந்து நின்றபோது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஆயுசு முழுக்கச் சொன்னவள், அன்றுதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் கை மாதிரி உண்டா, இந்தக் குணம் மாதிரி உண்டா” என்று வரிசையாகச் சொன்னாள். இனிமேல் கண் பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லையே.

ஆகவே, ஓட்டைச் சட்டி அக்கா, நீ இந்தப் படகை இவ்வளவு திட்டியிருக்கிறாய் என்றால் இது வைரம். தெக்கருக்கு ஃபோன் செய்து பேசி முடித்துவிட்டேன். முன்பணமும் அனுப்பியாயிற்று. மிச்சத்தை மே முதல் வாரத்தில் கட்டினால் படகு நம்முடையது.

இனி உன் முழங்காலைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பார்த்தது போதும்.

ஆனந்தத்தில்,
ஷெத்லி


மொனாஸ்தீர், 8 ஏப்ரல் 1994

தம்பி ஷெத்லிக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே முழங்காலையும் இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். முட்டுக்கட்டைகளுக்கு நடுவே தரையில் படுத்துத் தட்டினேன். முன்பக்கத்து அணியத்திலிருந்து ணங், ணங் என்று வந்துகொண்டிருந்தது. அடியிரும்பு சேர்கிற இடத்துக்குப் பின்னால் வந்ததும் தொப். திரும்பத் தட்டினேன். தொப். இந்தச் சத்தத்தில் ஒரு சட்டியை எனக்குச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். சேர்மானத்தில் ஒரு கோடு ஓடுகிறது, அதிலிருந்து துருநீர் வழிந்து காய்ந்திருக்கிறது.

ஃபராஜ் மாமாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்த் தரைப்பலகையைத் தூக்கினேன். மற்ற இடமெல்லாம் பழசு, அங்கே மட்டும் புதுப் பூச்சு. மாமா கத்தியால் சுரண்டினார். அடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல். மாமா சிரிக்கவில்லை.

“மாமா, இது என்ன?”

“பாறையில ஏறிருக்கு. கெர்கெனா தீவுப் பக்கம் போயிட்டு வந்தப்பவே அந்த பெல்ஜியம் ஆளு மொகம் செத்துக் கெடந்துச்சு. மறுநாள் உள்ள பூந்து தானே என்னத்தையோ பூசிக்கிட்டிருந்தாரு. நமக்கென்னன்னு விட்டுட்டேன்.”

“இத வச்சிக் கடல் தாண்டலாமா?”

“துறைக்குள்ள சுத்தலாம். உன் தம்பியா வாங்குறான்? அப்ப துறைக்குள்ளயும் வேணாம்.”

ஷெத்லி, இதை வாங்காதே. முன்னால் எழுதியதையெல்லாம் விட்டுவிடு. அது வேறு, இது வேறு. பாய்த் தையல் நன்றாகத்தான் இருக்கிறது, மேல்தளமும் கெட்டிதான். அடியிரும்பு மட்டும் கெட்டுவிட்டது. நீ எந்த ஒன்றைச் சொன்னாயோ அதுவேதான்.

டாக்ஸிஃபோன் பூத்தில் காசு போட்டு உன்னைக் கூப்பிட்டேனே, நான் ‘அடியிரும்பு’ என்று ஆரம்பித்ததும் நீ சிரித்த சிரிப்பில் என் காசெல்லாம் தீர்ந்துவிட்டது. அந்தப் பொட்டிக்குள் நின்றுகொண்டு அறுந்த ஃபோனைப் பார்த்து உன்னைத் திட்டினேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

வாங்காதே.

நெஜிபா


லெ ஹாவ்ர், 16 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

உம்மாவையே மிஞ்சிவிட்டாய்! துருநீராம், சிலந்தி வலையாம், ஃபராஜ் மாமா சிரிக்கவில்லையாம்! நாடகமே எழுதலாம் நீ. தெக்கரிடம் கேட்டேன்; படகு பாறையைத் தொட்டதே கிடையாது என்று சத்தியம் செய்கிறார். ஒரு காலத்தில் நீ என் சம்பந்தத்தைக் கலைக்க ஒடிலுக்கு மூன்று பல் பொய்ப்பல் என்று வாப்பாவிடம் சொன்னவள்தானே? நான் கடலுக்குப் போவது உனக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அக்கா, கரையில் மட்டும் எனக்கு என்ன வைத்திருக்கிறது?

எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. இந்த வீட்டை மே மாத நடுவில் காலி செய்கிறேன். மேசை நாற்காலியெல்லாம் விற்றாயிற்று. மார்ஸேயிலிருந்து கப்பலில் வந்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே ஊரில் இருப்பேன். பெருநாள் கறி சாப்பிட்டதும் படகை இறக்கி, முதல் நல்ல காற்றிலேயே கிளம்பிவிடுவேன். துறையில் நின்று கையசைக்க ஒரு நல்ல கைக்குட்டை எடுத்து வை.

இங்கே இப்போது வீடு இன்னும் அருமை. பேசினால் எதிரொலிக்கிறது. ஒன்றுமே இடிப்பதில்லை.

தம்பி
ஷெத்லி


மொனாஸ்தீர், 24 ஏப்ரல் 1994

என் அன்பிற்குரிய தம்பி ஷெத்லிக்கு,

உன் அக்கா நெஜிபா எழுதுவது.

‘மிரெய்’ மிக அழகான படகு. இந்தத் துறையில் இதைப் போல் இன்னொன்று இல்லை. அதன் உடம்பு பளிங்கு. பாய்கள் மணப்பெண்ணின் முக்காடு போல் வெண்மை. அடியிரும்பு உறுதியானது, எந்தக் கடலையும் தாங்கும். அதில் ஒரு குறையும் இல்லை.

நீயும் அழகன். உன் சுருட்டை முடியைப் பார்க்கத் தெருவே நின்றது உண்மை. உன்னைப் போல் பாசக்காரப் பிள்ளையை உம்மா வேறு பெறவில்லை. உன் சிரிப்பு கேட்டால் வீடு நிறைந்துவிடும். உன் கை வாப்பாவின் கை; கெட்டுப்போன எதைத் தொட்டாலும் ஓட வைக்கும். உன்னை நான் வாழ்நாளில் ஒரு தடவையும் புகழ்ந்ததில்லை. இனித் தள்ளிப்போட நேரமில்லை என்று தோன்றியதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கை மாதிரி உண்டா. இந்தக் குணம் மாதிரி உண்டா.

நெஜிபா


லெ ஹாவ்ர், 1 மே 1994

அக்கா,

மாடிப்படியில் நின்றே கடிதத்தைப் பிரித்தேன். படகைப் பற்றிப் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது. என்னைப் பற்றிப் படித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் படாமலிருக்கச் சொல்கிற ‘மாஷா அல்லாஹ்’ எங்கேயாவது ஒன்று இருக்கிறதா என்று திருப்பித் திருப்பித் தேடினேன். ஒன்றுகூட நீ எழுதவில்லை. என்னைத் தூக்க ஆட்கள் வந்து வாசலில் நிற்கிற மாதிரி உடம்பு சில்லிட்டுவிட்டது. மேல்வீட்டு அம்மாள் கடந்து போகும்போது, “உடம்பு சரியில்லையா?” என்றாள். இத்தனை மாதத்தில் அந்த அம்மாள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

தெக்கருக்கு ஃபோன் செய்தேன். பாறையைத் தொட்டதா என்று கேட்கவில்லை. “எந்த இடத்துப் பாறை?” என்று கேட்டேன். “லேசாகத்தான் பட்டது” என்றார். ஃபோனை வைத்துவிட்டேன். முன்பணம் போனது போனதுதான். படகு இல்லை, அக்கா. முடிந்தது.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் சொல்லவில்லை. ஒடில் போன இலையுதிர் காலத்தில் போய்விட்டாள். சண்டை கூட இல்லை. தன் பொருட்களை எடுத்துக்கொண்டு ரூவானில் இருக்கிற தங்கையிடம் போனாள். இனி வர மாட்டாள். அவள் போன பிறகுதான் இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் போனது. அதை நான் முதல் கடிதத்திலேயே உனக்கு எழுதினேன். நீ சாப்பாடு இறங்கவில்லை என்று பதில் போட்டாய். புரிந்துகொண்டாய் என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது, படகையே பேசிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், வெறும் கையோடு ஊருக்குத் திரும்பி உன் வாசலில் நிற்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. படகு வாங்க வந்தவன் என்றால் ஒரு மரியாதை. ஒரு வாரம் தங்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கப்பல் சீட்டு கையில் இருக்கிறது. இந்த வீடு நடு மாதத்தில் கைவிட்டுப் போகும். வருவதற்கு இனி ஒரு காரணம்தான் இல்லை. சும்மா கேட்கிறேன், வீடு எப்படி இருக்கிறது?

ஷெத்லி


மொனாஸ்தீர், 8 மே 1994

டேய் கருவாட்டுத் தலையா,

ஸலாம். ஒடில் போனதற்கு வருந்துகிறேன். அவள் பல்லெல்லாம் சொந்தப் பல்தான், அது எனக்கு அப்போதே தெரியும்.

வீடு எப்படி இருக்கிறதென்று கேட்டாய். கேட்டுவிட்டாயே என்பதற்காகச் சொல்கிறேன். சகிக்காது. மாடியறைக்கு வெள்ளையடித்தவன் பாதிச் சுண்ணாம்பைத் தரையில் கொட்டிவிட்டுப் போனான், இரண்டு நாளாகத் தேய்க்கிறேன். கட்டில் நடுவில் பள்ளம். புது மெத்தை தைத்தேன், அது கல். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அலைச் சத்தம் தூங்க விடாது. அங்கேயிருந்து படகுத்துறை மொத்தமும் தெரியும், அது வேறு தொல்லை.

பெருநாள் ஆடு வாங்கியாயிற்று. எலும்பும் தோலும், பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஃபராஜ் மாமா அதைத் தடவிப் பார்த்து வாயில் எச்சில் ஊற, “சே, என்ன ஆடு இது, தூ!” என்று துப்பிவிட்டுப் போனார். பெருநாளன்று வருவதாக மிரட்டியிருக்கிறார். என் சமையல் உனக்குத் தெரிந்ததுதான். முன்பாவது ஒரு ஆளுக்குச் சமைத்தால் ஒரு ஆளுக்கு வரும். இப்போது என்ன செய்தாலும் இரண்டு ஆளுக்கு வந்துவிடுகிறது, பாதியைக் கொட்டுகிறேன்.

ஊரும் மோசம். துறையில் டீக்கடைக்காரன், “ரயிஸ், உங்க தம்பி எப்ப வர்றாரு?” என்று தினமும் கேட்டு உயிரை வாங்குகிறான். உள்ளூர்க்காரர்களின் எஞ்சின்களெல்லாம் ஓடாமல் கிடக்கின்றன, தொட்டுப் பார்க்க ஒரு கை இல்லை.

முழங்கால் மட்டும்தான் நன்றாக இருக்கிறது. லா கூலெத் துறைமுகம் வரை பஸ்ஸில் வந்து கப்பல் வாசலில் நிற்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறது. மாஷா அல்லாஹ்.

ஒரு வாரமெல்லாம் இந்த வீட்டில் யாராலும் தங்க முடியாது. நீ ஒருவன் வந்து தங்கித்தான் என் வீடு நிறைய வேண்டும் என்றில்லை. உன் மூஞ்சியைப் பார்க்க எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

ஓட்டைச் சட்டி